புளிச்ச பாபுனாவின் தாழி

பாபுனாவுக்குப் 'புளிச்ச பாபுனா' என்று பட்டப்பெயர் வைத்த நாக்கு என்னுடையதுதான். அந்த நாக்காலேயே அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேறு பரிகாரம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மடத்தில் ஐந்நூறு வருஷமாகப் பள்ளி நடந்தது. வானசாஸ்திரமும் தத்துவமும் போதித்த துறவிகளே திராட்சரசம் வடிக்கவும் பாடம் எடுத்தார்கள். ரசம் ஊறுவதற்காகக் கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழிகளுக்குள் இறங்கிக் கழுவி, தேன்மெழுகு பூசுவது பாபுனாவின் வேலை. ஓர் எழுத்தும் தெரியாத மனிதர். ஆனால் அவர் கை பட்ட தாழி கசிந்ததும் இல்லை, புளித்ததும் இல்லை.

எதிரி மன்னன் ஷாவின் படை ஆற்றைத் தாண்டிவிட்டதென்று செய்தி வந்தபோது, கிழத்துறவி யோத்தாம் முப்பத்தொரு நூல்களைக் கட்டிக்கொண்டு அழுதார். மடத்துத் தாழிகளில் ஒளித்தால் எப்படியும் உடைத்துப் பார்ப்பார்கள். பாபுனா வீட்டு அக்ரூட் மரத்தடியில் ஒன்று இருந்தது. மகள் பிறந்த வருஷம் நிரப்பி மூடி, அவள் கல்யாணத்தன்று திறக்க வேண்டிய தாழி.

"அது உம் பொண்ணோடதாச்சே பாபுனா!"

"கொடி அடுத்த வருஷமும் காய்க்கும் சாமி. இதுங்க காய்க்குமா?"

பெண்கள் எல்லாரும் காட்டில் ஒளிந்திருந்ததால் மகள் தினாராவுக்கு எதுவும் தெரியாது. பாபுனா பதினேழு வருஷத் திராட்சரசத்தை முகந்து ஓடையில் ஊற்றினார். உள்ளே கனல் காட்டி உலர்த்தி, புதிதாக மெழுகு பூசி, நூல்களை அடுக்கி மூடினார். இரண்டாம் நாள் பள்ளி எரிந்தது. யோத்தாம் மலையேறிப் போய்விட்டார்.

அடுத்த அறுவடைக்குப் பின் தினாராவுக்குக் கல்யாணம். விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் கோப்பை தூக்குகிறவன் நான். மடத்து நூல்களைத் தேடி வீடு வீடாகத் தோண்டிக்கொண்டிருந்த ஷாவின் ஆட்கள் நாலு பேரும் பந்தியில் இருந்தார்கள். வழக்கப்படி மண்வெட்டியோடு மரத்தடிக்குப் போனேன். பாபுனா குறுக்கே நின்றார்.

"வேணாம் தம்பி. புளிச்சுப்போச்சு. மெழுகு பூச மறந்துட்டேன்."

"ஊரு தாழிக்கெல்லாம் பூசினவரு, பெத்த பொண்ணு தாழிக்கு மறந்துட்டாராம்! கேட்டுக்கங்கய்யா, புளிச்ச பாபுனா!"

ஊரே சிரித்தது. ஷாவின் ஆள் ஒருவன் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து என் மண்வெட்டியைப் பிடுங்கினான். அப்போதுதான் தினாரா தரையில் விழுந்து, மானம் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மண்வெட்டியை வீசிவிட்டுப் பந்திக்குத் திரும்பினான்.

அதன்பின் எட்டு வருஷம் ஒருவரும் பாபுனாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. மகள் அவர் வாசலை மிதிக்கவில்லை. மனிதர் வாய் திறக்கவே இல்லை.

படை போன பிறகு யோத்தாம் கோலூன்றி வந்தார். அவர் சொல்லி அக்ரூட் மரத்தடியில் தோண்டினோம். முப்பத்தொரு நூல்களும் இருந்தன, ஓர் ஓரம்கூட ஈரமில்லாமல். தாழியின் விளிம்பில் மண்டியிட்டுவிட்டேன். கோயிலில்கூட நான் அப்படி மண்டியிட்டதில்லை. இந்த மனிதரையா நான் ஊர் சிரிக்க வைத்தேன்!

தினாரா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எங்கிட்ட மட்டுமாவது காதுல சொல்லியிருக்கலாமே அப்பா?"

"சொல்லியிருந்தா நீ அப்படி அழுதிருக்க மாட்ட தாயி. அந்த அழுகையப் பாத்துத்தான் அவன் நம்பினான்."