அண்ணாச்சியை மன்றத்திலிருந்து நீக்கியபோது

அண்ணாச்சி அதைச் சொன்னபோது ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். தாராவியில் எங்கள் தெருக்காரர்கள் நடத்தும் கேரம் மன்றம் அது. எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், முஸ்லிம் நான் ஒருவன்தான். எனக்குத் தோல் பைப் பட்டறை, அவருக்கு மளிகைக்கடை. பல வருடங்களாக ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் ஜோடி சேர்ந்துதான் ஆடுவோம்.

அன்று யாரோ விற்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாய்மாருக்கு மட்டும் குடுத்துராதிய. ஒரு வீட்டுல நுழைஞ்சாலும் மாடியே நாறிப்போவும்" என்றார் அண்ணாச்சி. சொன்ன வேகத்திலேயே காயைக் குழியில் தள்ளினார். நிமிர்ந்து, எதிரே இருந்த என்னைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது. "ஒங்களச் சொல்லல பாய்." நான் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். இதை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் காலை, அண்ணாச்சியை நீக்கிவிட்டதாக மன்றத்தின் வாட்ஸப் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார். செயலாளரை ஃபோனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி வரட்டும், எங்கிட்ட நேர்ல பேசட்டும்" என்றேன். "ஒங்களுக்காகத்தான செஞ்சோம் பாய்" என்றார். அதற்கு மேல் பேசினால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன் போலிருந்தது.

அதன்பின் நான் படியேறும் சத்தம் கேட்டாலே உள்ளே பேச்சு நின்றுவிடும். தேர்தலா, கோயில் கொடை விழாவா, எதையும் என் முன்னால் எடுக்கமாட்டார்கள். எனக்கென்று நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அந்த மரியாதையில் உட்கார்ந்திருக்க மூச்சு முட்டியது. நீக்கப்பட்டது அண்ணாச்சி மட்டும்தானா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் பொறுத்து அவர் கடைக்குப் போனேன். அண்ணாச்சி எழுந்து நின்றார். "நான் சொன்னது தப்பு பாய்."

"சொன்னத விடுங்க. அப்படித்தான் நெனைக்கியளா?"

பருப்பு மூட்டையின் வாயைச் சுருட்டியபடியே நின்றார். "சின்ன வயசுலேருந்து வீட்டுல கேட்டது. வாய் தவறி வரல. உள்ள இருந்துதான் வந்துச்சு."

"இப்போ?"

மூட்டையைக் கட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, "கொறைஞ்சிருக்கு" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அறவே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், கைகுலுக்கிவிட்டு வந்திருப்பேன். மறுபடி அந்தப் பக்கம் போயிருக்கவும் மாட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "ஒங்க வீட்டுல எங்களப் பத்தி ஒண்ணும் பேசுனதே இல்லையா?" என் வாப்பா சாப்பாட்டு வேளையில் சொன்ன சில வார்த்தைகள் ஞாபகம் வந்தன. நானும் சிரித்திருக்கிறேன். அவற்றை அப்படியே அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்தவர், ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

இப்போது அவர் கடையை விட்டுவிட்டுக் கல்யாண் புறநகரில் மகனோடு இருக்கிறார். மன்றத்துக்கு நான் அபூர்வமாகத்தான் போகிறேன். அங்கே யாரும் தவறாக எதுவும் பேசுவதில்லை. ஞாயிறுகளில் கல்யாண் ரயில் பிடிக்கிறேன். போன வாரம் ஒரு செய்தியைப் பற்றிப் பேசப்போய் எங்களுக்குள் பெரிய சண்டை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடவே நடந்தார். ரயில் உள்ளே வரும்போது, "அடுத்த ஞாயிறு வருவியல்லா?" என்றார்.

"வாரேன்" என்றேன்.