பெரிய ஸ்கிரீன் வேண்டாம் என்றவர்

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் 'பொறு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. மின்சாதனக் கடை ஒன்றில், கையில் வைத்து விளையாடும் கேம் செட்டுகள் அடுக்கிய கவுன்டர் அவருடையது. வாங்கியே தீருவேன் என்று வருகிறவரிடமும், "கொஞ்சம் பொறுங்க, அடுத்த மாடல் வரட்டும்" என்பார். விற்க உட்கார்ந்தவர் பேசுகிற பேச்சா இது? முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் இவர் தலையாட்டினால்தான் வாங்குவேன் என்று பலர் வந்து நின்றதால், இவரை வெளியே அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை.

புது செட் வந்தால் இவர் செய்கிற அமர்க்களம் தனி. வீட்டுக்குக் கொண்டுவந்து மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கை எப்போது வலிக்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை அப்படியே கண்ணயர்ந்து, செட் மூக்கில் விழுந்தது. "எடை ஜாஸ்தி" என்பதற்கு அத்தாட்சியாக, வீங்கிய மூக்கையே வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அதற்கப்புறம் உள்ளே என்ன சிப், பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ச்சி. உள்ளே புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை அது புது செட்டே இல்லை.

இவருக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவர் என் நாத்தனார். இவருக்கு மூத்தவர். கணவர் போன பிறகு நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. எந்த வார்டுக்கு எந்த நம்பர் என்பதெல்லாம் மனப்பாடம். விரல் தானாகப் போகும். அதனால்தான், சர்க்கரை வியாதி அவர் கண்ணை அரித்துக்கொண்டிருந்தது உடன் வேலை பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் தினமும் சாயங்காலம் ஆளுக்கொரு செட்டை வைத்துக்கொண்டு, போனில் பேசியபடியே சேர்ந்து விளையாடுவார்கள். ஒரு தீவில் ஊர் கட்டுகிற விளையாட்டு. தம்பி வீடு கட்டுவார், பாலம் போடுவார். அந்த ஊர்க்காரர்கள் வந்து இது வேண்டும், அது வேண்டும் என்று எழுத்தில் கேட்பதைப் படித்து, எடுத்துக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. இரண்டு பேரும் போடுகிற கூத்தில் என் வீட்டில் டி.வி. சத்தமே கேட்காது. நாத்தனாருக்கு அந்த ஒரு நேரம்தான் நாள் முழுக்கக் காத்திருந்து கிடைக்கிற நேரம்.

ஒருநாள் அவர் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"டேய், பெரிய ஸ்கிரீன் போட்டு ஒண்ணு வந்திருக்காமே. வாங்கலாமா?"

"அதுக்கா? சும்மா உடம்பைப் பெருசாக்கி விட்டிருக்கான்க்கா. உள்ள அதே சிப்பு. அதே படத்தை இழுத்துப் பெருசாக்கியிருக்கான், அவ்ளோதான். கை வலி வேற. அடுத்தது வரட்டும், பொறு."

"எழுத்து பெருசா இருக்குமா?"

"பெருசா இருந்து என்ன பண்ண? விளையாட்டு அதேதானே!"

"அதுவும் சரிதான்," என்று நாத்தனார் சிரித்தார்.

அதன் பிறகு அவர் ஆட்டத்தில் தடுமாற ஆரம்பித்தார். விளக்கு கேட்டவனுக்கு மண்வெட்டியைக் கொடுத்தார். "உனக்குக் கவனமே இல்லக்கா" என்று இவர் சலித்துக்கொண்டார். கொஞ்ச நாளில், தலைவலி, வேலை அதிகம் என்று சொல்லி விளையாட வருவதையே நாத்தனார் நிறுத்திவிட்டார். "அக்காவுக்கு போரடிச்சுப்போச்சு போல" என்று இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தனியாகப் பாலம் கட்டினார். கண்ணைப் பற்றிச் சொன்னால் தம்பி வேலையை விடச் சொல்லிவிடுவான் என்று அக்காவுக்குப் பயம். நல்ல பிறவிகள் இரண்டும். ஒன்று வாயைத் திறக்காது, மற்றது வாயை மூடாது.

கடைசியில், கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, சுவரைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊசி போட்டும் பலனில்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்பதுதான் மிச்சம்.

இவர் பழைய செட்டையும் பெரிய செட்டையும் எடுத்துக்கொண்டு கண் டாக்டரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு ஸ்கிரீனையும் மேஜையில் வைத்தார். டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சின்னதுல கஷ்டப்பட்டிருப்பாங்க. பெருசுல இருக்குற எழுத்தை போன மாசம் வரைக்கும்கூடப் படிச்சிருப்பாங்க. பார்வை போறதை அது தடுத்திருக்காதுங்க. ஆனா விளையாடியிருப்பாங்க."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர், "எழுத்து பெருசா இருக்குமான்னு கேட்டாளே. வாய்விட்டுக் கேட்டாளே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. மூக்கு வீங்கும் வரைக்கும் எடை பார்த்த மனுஷனுக்கு, வாங்குகிறவர் ஏன் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. ஆனால் அப்படி உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

இப்போது நாத்தனார் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். போன வாரம் இவர் அந்தப் பெரிய செட்டை அவர் கையில் வைத்தார். நாத்தனார் ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

"இதுதானா அது? நல்லா அகலமாத்தான்டா இருக்கு. எழுத்து?"

"பெருசா இருக்குக்கா."

"அப்பவே வாங்கியிருந்தா நான் படிச்சிருப்பேனா?"

இவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம்கூடப் பொய் சொல்லி அறியாதவர்.

"இல்லக்கா. இதுலயும் உனக்குத் தெரிஞ்சிருக்காது."

நாத்தனார் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா. வாங்கிக் குடுன்னு அடம்பிடிச்சிருக்கலாமோன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நல்லவேளை, நீ அன்னைக்கே வேண்டாம்னுட்ட. உன்னை மாதிரி யாருடா எனக்குப் பார்த்துச் சொல்லுவா?" என்று தம்பியின் தலையைத் தேடித் தடவினார்.

இவர் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். அக்காவுக்கு அது தெரியவில்லை.