பல் டாக்டரிடம் போன பித்தளைத் தகடு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய, நாலு பேர் மதிக்கிற, வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிற நான், போன வருஷம் ஒரு பித்தளைத் தகட்டைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் வழுதக்காட்டில் ஒரு பல் டாக்டரிடம் போய், அதற்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். டாக்டர் என்னோடு கல்லூரியில் படித்தவர். அந்த உரிமையில் டோக்கன் வாங்காமல் நுழைந்துவிட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது. துணியைப் பிரித்து, உள்ளங்கை அகலத் தகட்டை நீட்டினேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டா, இது பல்லு அல்லல்லோ" என்றார். பழைய சிநேகத்துக்காக எக்ஸ்ரே எடுத்தும் கொடுத்தார். திரையில் வெள்ளையாக ஒரு நீள்சதுரம். மூலைக்கு ஒன்றாக ஓட்டை. "கேவிட்டி நாலெண்ணம் உண்டு" என்றார் டாக்டர். "அடைக்கணோ?"

அந்தத் தகடு பெரியப்பாவின் காருடையது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்து இறங்கிய கார். முகப்பு விளக்குகள் தவளைக் கண்களைப்போலத் துருத்திக்கொண்டிருக்கும். ஏறுவதற்கு இருபுறமும் நீளமாகக் கால்பலகை உண்டு. வீட்டில் அதற்குப் 'பெரிய வண்டி' என்று பெயர். சின்ன வண்டி என்பது பெரியப்பாவின் சைக்கிள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் ஆடிட்டராகப் பேரெடுத்த பெரியப்பா, ஆபீசுக்குச் சின்ன வண்டியில்தான் போவார். பெரிய வண்டி சொந்தக்காரர் கல்யாணங்களுக்கும், குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்கும் மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் கரமனை வீட்டு ஷெட்டில் நிற்கும்; வருகிற விருந்தாளிகள் காப்பிக்கு முன்னால் அதைப் பார்த்து வியந்தாக வேண்டும். பொன்முடி எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை, ஊர் திரும்பும்போது, "உங்களைப் போன்றவரிடம்தான் இதை விட்டுப்போக மனசு வருகிறது" என்று சொல்லித் தன் கையால் சாவியைக் கொடுத்ததாகப் பெரியப்பா சொல்வார். சொல்லும்போது அவருடைய முதுகெலும்பே கொஞ்சம் நிமிரும். துரை இதை எந்த மொழியில் சொன்னார் என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இருந்ததில்லை.

தைரியம் இருந்தது ஒருவருக்குத்தான். பெரியம்மாவின் தம்பி. எங்களுக்கு மாமா. கல்யாணப் பந்தியில் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையை எப்படியோ பிடித்துவிடுவார். பருப்பு முடிந்து சாம்பார் வருவதற்குள் ஆரம்பிப்பார். "துரையும் இல்ல, மண்ணும் இல்ல. இது வடசேரி ஸ்டாண்டுல கெடந்த டாக்ஸியாக்கும் அத்தான். நானே இதுல ஏறியிருக்கேன்." பெரியப்பாவுக்கு மூக்கு நுனி சிவக்கும். "வவுச்சர் இருக்காடே உனக்கிட்ட? வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்ல. வவுச்சர் இல்லாத பேச்சு பேச்சே இல்ல." "உங்ககிட்ட இருக்கா அத்தான்?" "வண்டியிலேயே அடிச்சு வச்சிருக்கு, தகடா. நம்பரோட." சொல்லிவிட்டுச் சோற்றுக் கையோடு எழுந்து போய்விடுவார். பாயசத்துக்கு மனிதர் இருக்கமாட்டார்.

அவர் சொன்ன தகடு, பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில் திருகியிருக்கும். காரைச் செய்த கம்பெனி தன் பெயரும் வண்டியின் நம்பரும் பொறித்து அடிக்கிற தகடு. மனிதனுக்கு ஜாதகம் மாதிரி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெரியம்மா கிணற்றடியில் விளக்கும் குத்துப்போணியும் உருளியுமாகப் பித்தளைப் பாத்திரங்களைப் பரப்பிப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருப்பாள். பெரியப்பா மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தகட்டைக் கழற்றித் தானே துலக்கி, தானே மாட்டுவார். யாரும் தொடக்கூடாது. மறுநாள் பானெட்டைத் திறந்து, தகட்டுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செம்பருத்தி சாற்றி வைத்திருப்பார். நாங்கள் எட்டி நின்று கும்பிடலாம். பூவுக்கும் சந்தனத்துக்கும் நடுவே பொன்னாக ஜொலிக்கும். ஒரு திருகு மட்டும் எப்போதும் கோணலாகவே இருந்தது நினைவிருக்கிறது. அதில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்ததும் நினைவிருக்கிறது. என் நினைவைப்பற்றி எனக்கு அந்தக் காலத்தில் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு.

பெரியப்பா போய்ப் பல வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாக மாமா பார்க்க வந்தபோது, ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, "டாக்ஸி இல்லடே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். மாமா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். இப்போது கரமனை வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தாயிற்று. பெரியம்மா வேறு ஃபிளாட்டுக்கு மாறவேண்டும். ஷெட்டில் இருந்த வண்டிக்குப் போக்கிடம் இல்லை. ஒன்று, பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரனுக்கு. இல்லாவிட்டால், கொச்சியில் பழைய கார்கள் சேர்க்கும் ஒரு பணக்காரருக்கு. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். வண்டியின் பூர்வோத்தரம் நிரூபணமானால் முழுசாக எடுத்துக் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றுவார். இல்லாவிட்டால் விளக்கு, சக்கரம் என்று தமக்குத் தேவையானதைக் கழற்றிக்கொள்வார். நம்பர் கிடைத்தால் போதும், எந்த வண்டி எந்த ஊருக்கு யார் பெயரில் கப்பலேறியது என்று இங்கிலாந்தில் சொல்லிவிடுவார்களாம். நம்பரைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். காரைப்பற்றி எனக்குத் தெரிந்தது ஹாரன் அடிக்க மட்டும்தான். ஆனால் ஆயுள் முழுக்கப் பாயசம் சாப்பிடாமல் எழுந்துபோன மனிதருக்கு யாராவது ஒரு வவுச்சர் வாங்கித் தரவேண்டாமா?

கொச்சிக்காரர் அனுப்பி, எஞ்சினியரிங் கல்லூரியில் ஓய்வுபெற்ற ஒரு புரொபசர் வந்தார். அவர் தமிழ் பேசுவதாக அவரும், நான் மலையாளம் பேசுவதாக நானும் நம்பிக்கொண்டு ஒரு பகல் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தோம். "சாரே, எஞ்சின் இதின்டெ அல்ல. ஏதோ வேனுடையது" என்றார். சற்றுக் கழித்து, "கதவு நம்ம ஆசாரி பணிஞ்சது, அயினி மரம்" என்றார். ஸ்டியரிங் வேறொரு காருடையது. சேஸிஸ் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில், எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறையிலோ பலத்துக்காக ஒரு இரும்புப் பட்டையை வைத்துக் கடவுளே வந்தாலும் பிரிக்கமுடியாதபடி வெல்டிங் செய்திருந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பழைய உடைமையாளர் பெயரும் நம்பரும் இருந்த பக்கத்தைக் கரையான் படித்து முடித்திருந்தது. மிச்சமிருந்தது தகடு. கழற்றித் துடைத்துப் பார்த்தால் கண்ணாடி. என் முகம் தெரிந்தது. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. பென்சில் சீவித் தேய்த்தேன், கோலமாவு தூவினேன், செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். புரொபசர் விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே போல இருக்கே சாரே. ஓட்டையும் வண்டியில உள்ள ஓட்டையோட சரியா சேரல்ல." பெரியப்பா ஆடிட்டர், எதையும் இரண்டு பக்கமும் பார்க்கிறவர், துலக்கினால் இரண்டு பக்கமும்தான் துலக்குவார் என்று அவருக்கு விளக்கினேன். அவர் கைகழுவத் தண்ணீர் கேட்டார். தேய்ந்த எழுத்து எக்ஸ்ரேயிலாவது தெரியாதா என்று, அதற்குப் பிறகுதான் பல் டாக்டர்.

பல் டாக்டரும் கைவிட்டபின், தகடு சொல்லாததை மலையாவது சொல்லும் என்று பொன்முடிக்கு பஸ் ஏறினேன். மலையடிவாரத்தில் வித்துராவில் இறங்கி, டீக்கடையில் விசாரித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆர்வமாகத்தான் கேட்டார். வெள்ளைக்காரத் துரைக்கு அங்கே சாயிப்பு என்று பெயர். "சாயிப்பின்டெ காரோ? எல்லா எஸ்டேட்டிலும் சாயிப்பு உண்டாயிருந்நு. எல்லா சாயிப்புக்கும் கார் உண்டாயிருந்நு. சாருக்கு ஏது சாயிப்பு வேணும்?" டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த டீ மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனது. மேலே, எஸ்டேட் பங்களாவின் காவல்காரர் நல்ல மனிதர். சுவரிலிருந்த பழைய போட்டோவைக் காட்டினார். துரை, துரைசாணி, கார்! தவளைக் கண் விளக்கு, கால்பலகை, எல்லாம் இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் சரியாக ஒரு கொழுத்த நாய் உட்கார்ந்திருந்தது. நாயின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் எந்த ஜீவராசியிடமும் கண்டதில்லை. செல்போனில் படம் பிடித்துப் புரொபசருக்கு அனுப்பினேன். "ஹெட்லைட் ரெண்டு, வீல் நாலு. மேட்ச் ஆவுது" என்று பதில் வந்தது. அவருக்குள் இப்படியொரு கிண்டல்காரர் இருப்பதை அவர் என்னிடம் காட்டியதே இல்லை.

கொச்சிக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் கட்டடக்காரர்கள் பொறுக்கவில்லை. ஒருநாள் காலை கொச்சியிலிருந்து லாரி வந்தது. விளக்குகள் தனியாக, சக்கரங்கள் தனியாக, கால்பலகைகள் இரண்டும் கயிற்றால் சேர்த்துக் கட்டி ஏற்றினார்கள். மிச்சத்தை ஆக்ரிக்காரன் ஆட்கள் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய வண்டி கடைசியாக ஷெட்டை விட்டுக் கிளம்பியபோது அதற்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். "டாக்ஸின்னு நான் சும்மா சொன்னதாக்கும் மக்கா" என்றார். "ஏறினதாச் சொன்னீங்களே மாமா?" "எங்க ஏறினேன்? அத்தான் கோவிச்சு எந்திச்சாருன்னா, வெளம்புறவன் பாயசத்துக்கு அவருக்குள்ள போளியையும் எனக்க எலையில வச்சிருவான். கடைசியில ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுவதா, தடியைப் பிடுங்குவதா என்று தெரியவில்லை. துரையின் வண்டி என்பதற்கும் ஆதாரம் இல்லை, டாக்ஸி என்பதற்கும் ஆதாரம் இல்லை; இரண்டு இலைகளுக்கு நடுவே அத்தனை கல்யாணங்களில் நடந்த வழக்கில் இப்போது வாதியும் இல்லை, பிரதிவாதியும் விலகிக்கொண்டார், சாட்சியை லாரியில் ஏற்றிவிட்டோம்.

தகடு மட்டும் என் சட்டைப்பையில் தங்கிவிட்டது. அடுத்த வாரம் பெரியம்மாவைப் பார்க்கப் புது ஃபிளாட்டுக்குப் போனபோது, கொடுத்துவிடலாம் என்று மேஜைமேல் வைத்தேன். அவள் காப்பி கொண்டுவந்து தந்தாள். எனக்குப் பெரியப்பா மேலேயே கோபமாக இருந்தது. ஊரார் வவுச்சரையெல்லாம் ஆயுள் முழுக்கச் சரிபார்த்தவர், தன் ஒரே வவுச்சரைப் புளி போட்டுத் தேய்த்தே அழித்துவிட்டாரே என்று சொல்லிப் புலம்பினேன். பெரியம்மா தகட்டை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல எழுத்து எப்பம் இருந்துது?"

"இருந்தது பெரியம்மா. நானே படிச்சிருக்கேன்."

"நீ பொறக்கதுக்கு முந்திப் போன சாதனத்த நீ எங்க படிச்ச? ஒரு ஆயுத பூசைக்குத் துலக்கப் போட்ட பாத்திரத்தோட அது கெடந்துது. பழைய பித்தளைக்குப் பதிலா எவர்சில்வர் குடுக்கவன் வாசல்ல வந்தான். வாரிக் குடுத்துட்டேன், அதுவும் சேந்து போச்சு. உனக்கப் பெரியப்பா எங்கிட்ட ஒரு வாரம் பேசல்ல. பொறவு சாலைக்கடையில போய் அதே அளவுக்கு வெறுந்தகடு வெட்டிக் கொண்டாந்து மாட்டினாரு. திருகு ஒண்ணு நேரா நிக்கவே இல்ல."

சாத்திய ஷெட்டுக் கதவுக்குப் பின்னால், யாரும் பார்த்துவிடக் கூடாத ஒரு வெறும் தகட்டை வருஷாவருஷம் உட்கார்ந்து துலக்கிய மனிதரை நினைத்துக்கொண்டேன்.

"இத முன்னாலேயே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"நீ எங்கிட்டயா கேட்ட? பல்லு டாக்டர்கிட்ட கேட்ட, பொன்முடியில போய்க் கேட்ட." அவள் என் கையைப் பார்த்தாள். "நீ பிடிச்சிருக்கியே, அந்த எவர்சில்வர் டம்ளரு அன்னைக்கு எடுத்ததுதான். காப்பி ஆறுது, குடி."