கட்டினவனுக்கு ரசீது

பினாங்குக்கு அக்கரையில் இருக்கும் பத்து காவான் ஊரில் கடல் தடுப்புக் கரை உடைந்து வயலெல்லாம் உப்புத் தண்ணீர் ஏறிய வருஷம், விதைக்கும் மாட்டுக்கும் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் கடன் கொடுத்தது. அறுப்புக்கு அறுப்பு தவணையாகக் கட்டலாம் என்றார்கள். அங்கே வயல் வைத்திருந்த என் தங்கை புருஷன் வாங்கினார். மாதா கோயிலில் முதல் வரிசையில் உட்காரும் தென்னந்தோப்பு முதலாளியும் தன் பேரிலும் தம்பிமார் பேரிலும் வாங்கினார். சர்க்கார் விட்டிருந்தால் தொட்டில் பிள்ளை பேரிலும் வாங்கியிருப்பார்.

எங்கள் வேதக்காரச் சனங்களுக்கு ஒரு பழக்கம். நோன்பிருக்கும் தபசுகாலம் வந்தால், வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடுவோம். கடைக் கடனுக்கும் பக்கத்து வீட்டு அரிசிக்கும் ஏற்பட்ட பழக்கம் அது. மாப்பிள்ளை சர்க்கார் கடனையும் அதில் சேர்த்துக்கொண்டார். தவணை இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"கடன வச்சுக்கிட்டு எப்படி மச்சான் பூசையில நாக்க நீட்டி நன்மை அப்பம் வாங்குறது?" என்றார்.

உழவு எருமை ஜோடியை விற்று முழுவதையும் கட்டினார். எருமைகளை வாங்கியவர் அந்த முதலாளிதான், அதுவும் மாட்டுக்கென்று வாங்கிய கடனில். ஆக, சர்க்கார் பணம் ஒரு சுற்றுச் சுற்றி சர்க்காரிடமே போய்ச் சேர்ந்தது. எருமைகள் மட்டும் கொட்டில் மாறின.

தபசுகாலம் முடிந்து வரும் பாஸ்குத் திருநாள் கழிந்து சில வாரத்தில் அறிக்கை வந்தது. நெல் விலை விழுந்துவிட்டதாம். விவசாயிகள் மேல் இரக்கம் கொண்டு நிலுவைக் கடனையெல்லாம் தள்ளிவிட்டார்களாம்.

உழவு மழை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டினதில் பாதி திரும்பினாலும் மாடு பிடிக்கலாம். இல்லாவிட்டால் வயல் தரிசு. நான் பினாங்கில் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியில் லீவு சொல்லிவிட்டு, அக்கரை போய் மாப்பிள்ளையோடு நில ஆபீசுக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் கிராணி தமிழர்தான்.

"பாக்கியத்தான் தள்றாங்க. ஒங்க பேர்ல பாக்கியே இல்ல, எதத் தள்றது?"

"அப்ப கட்டினவனுக்கு என்னங்க?" என்றேன்.

"கட்டினவருக்குத்தான் ரசீது குடுத்திருக்கோமே."

"சரி, புதுசாவாவது கடன் குடுங்க."

"கஷ்டப்படுறவங்களுக்குத்தான் கடன். முழுசாக் கட்டினவரு எப்படிலா கஷ்டப்படுறவரு?"

என்ன புத்தி பாருங்கள்! உழவு மாட்டை விற்றவன் பணக்காரனாம். எருமை வாங்கினது போக மிச்சக் கடன் பணத்தைத் தென்னை ஓலைக்குப் பதில் ஓடு போட்டு மாடி எடுக்கச் செலவழித்தவன் ஏழையாம். இரக்கமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து வயல் விதவைக்குக் கடன் தள்ளுபடி ஆனதற்கு ஆண்டவரை ஸ்தோத்தரித்தேன். ஆனால் இரக்கப்படுகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டல்லவா இரக்கப்பட வேண்டும்?

அடுத்த ஞாயிறு முதலாளி நன்றிப் பூசை வைத்தார். பேண்டு வாத்தியம், ஆட்டுக்கறிச் சாப்பாடு. கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும், "ஆண்டவர் நம்ம மேல எரங்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் தங்கைக்குப் பொறுக்கவில்லை. நேரே அவரிடமே, "ஆண்டவரு எரங்கலண்ணே, வெள்ளக்காரன்தான் எரங்கினான். ஆண்டவரா இருந்தா எங்க வீட்டுப் பக்கமும் வந்திருப்பாரு" என்றாள்.

நாலு பேர் சிரித்தார்கள். முதலாளியும் கூடச் சிரித்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. எரும சும்மாத்தான் கட்டிக் கெடக்கு, ஓட்டிக்கிட்டுப் போங்க. நெல்லுல மூணுல ஒரு பங்கு குடுத்தாப் போதும்" என்றார்.

தங்கை கூடாது என்றாள். மழை விழுந்ததும் மாப்பிள்ளை போய் ஓட்டிவந்தார். எருமைகள் வயலைப் பார்க்காமல் தங்கள் பழைய கொட்டிலில் போய் நின்றன. தட்டித்தான் திருப்ப வேண்டியிருந்தது. தங்கை வெளியே வரவில்லை.

அறுப்பு முடிந்து முதலாளியின் பங்கு மூட்டைகள் அவர் வீட்டுக்குப் போயின. "கொஞ்சமாத்தான் கேட்டாரு, நல்ல மனுசன்" என்றார் மாப்பிள்ளை. விவசாயிகள் மேல் சர்க்கார் வைத்த இரக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இந்த லட்சணத்தில்தான்.