ஆயுத பூஜைக்கு மறுநாள்

உட்கார இடமில்லாத ஒரு சைக்கிளுக்காக என் இரண்டு முழங்கால்களையும் கொடுத்தவன் நான். இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவை என்னைத் திட்டுகின்றன. திட்டட்டும். நானும் பல வருஷம் அவற்றைக் கேட்காமல்தான் குதிக்க விட்டேன்.

அந்தச் சைக்கிள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். என் நண்பன் அங்கே மெக்கானிக். கடை முதலாளியான சீனத் தவுக்கே வெளிநாட்டிலிருந்து இறக்கிய சரக்கில் அதுவும் ஒன்றாகக் கலந்து வந்துவிட்டது. சின்னச் சக்கரங்கள், தடித்த டயர், சீட் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மேடு. இதை எவன் வாங்குவான்? யாரும் வாங்கவில்லை. கடைசியில் அது என்னிடம் வந்தது. கூடவே ஒரு வீடியோ கேசட்டும் வந்தது. அதில் ஒருவன் இதே மாதிரிச் சைக்கிளில் பாறை மேல் ஏறினான், கார் மேல் ஏறினான், கடைசிவரை காலைத் தரையில் வைக்கவே இல்லை. இதற்கு டிரையல்ஸ் என்று பெயர், கால் ஊன்றினால் தோல்வி என்று நண்பன் சொன்னான். எனக்கு அந்த ஒரு விதி போதுமாக இருந்தது.

நான் அப்போது கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும் ஆள். மற்றவர்கள் படுக்கப் போகும்போது நான் வீட்டுக்குப் பின்னாலிருந்த திடலில் போய்க் குதிப்பேன். முதலில் கால்வாய்த் திட்டு, அப்புறம் பழைய லோரி டயர், அப்புறம் இரண்டு டயர். ஒரு வருஷம் இப்படி ஓடியது. அந்த ஒரு வருஷத்தில் நான் கண்நிறையத் தூங்கியதாக நினைவில்லை.

அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். வேலைக்குக் கிளம்பும்போது திடல் ஓரமாக லோரியை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்ப்பார்.

"சைக்கிள்னா ஒண்ணு போகணும், இல்ல நிக்கணும். நீ ரெண்டும் இல்லாம தவக்கள மாதிரி குதிக்கிற" என்பார். பதிலை எதிர்பார்க்க மாட்டார். லோரி போய்விடும்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த வித்தையில் ஓட்டுவது கொஞ்சம்தான். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின் சக்கரத்தில் நின்று, நின்ற இடத்திலிருந்தே எம்ப வேண்டும். பிரேக் ஒரு நூல் நழுவினாலும் ஆள் மல்லாந்துவிடுவான். சாதாரண பிரேக் கட்டை அப்படிப் பிடிக்காது. அதனால் நண்பன், சாலை போடும் இடத்தில் கிடந்த தாரை ஒரு பால் டின்னில் அள்ளி வந்து, சக்கரத்தின் இரும்பு வளையத்தில், ரிம்மில், மெல்லிசாகத் தடவிவிட்டான். பிரேக் கீச்சென்று கத்தும், ஆனால் பிடித்தால் விடாது. பார்க்கத்தான் அசிங்கம். சாக்கடையில் விழுந்து எழுந்த சைக்கிள் மாதிரி இருக்கும்.

அப்புறம்தான் நண்பன் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தான். சுபாங் ஜெயாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் ஆண்டு விழா. சிங்க நடனத்துக்கும் பரிசுக் குலுக்கலுக்கும் நடுவே அரை மணி நேரம் காலியாக இருக்கிறது என்று தவுக்கே சொல்ல, இவன் ஒப்புக்கொண்டுவிட்டான்.

"எனக்கு அம்பது பேர் முன்னால நின்னாலே வாய் வராது லா" என்றேன்.

"நீ குதி. பேசுறத நான் பாத்துக்குறேன்" என்றான்.

நாசி லெமாக் சோறு கட்டி வந்த தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டான். முதலில் மரப் பலகை அடுக்கு. அடுத்து எண்ணெய் டிரம் மூன்று. அடுத்து ஒரு பழைய காரின் கூரை. கடைசியாகக் கூட்டத்திலிருந்து மூன்று பேரைத் தரையில் படுக்க வைத்து, அவர்களுக்கு நடுநடுவே சக்கரத்தை வைத்துத் தாண்டுவது. கடைசி ஐட்டம்தான் கைத்தட்டல் வாங்கும் என்று அடிக்கோடு போட்டான். ஆழம் தெரியாமல் காலை விட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது. ஒரு வருஷத் தூக்கத்தை எதற்குக் கொடுத்தேன் என்று ஒருவருக்காவது காட்ட வேண்டும். அந்த ஒருவர் அப்பா என்பதை நான் நண்பனிடம்கூடச் சொல்லவில்லை.

சரக்கு அடுக்கும் மரப் பலகைகளுக்கு அப்பாவிடம்தான் போக வேண்டியிருந்தது. துறைமுகத்தில் உடைந்தவை குவிந்து கிடக்கும். கேட்டேன். காப்பியைக் குடித்து முடித்தார்.

"எத்தன வேணும்?" என்றார்.

"எட்டு."

"ஞாயித்துக்கிழம நானே லோரில ஏத்திட்டு வரேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா. சனிக்கிழமை ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அது லோரியின் திருநாள். அன்று அப்பா விடியும் முன்பே எழுந்து லோரியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. சுத்தியல்கூட ஓய்வெடுக்கும்.

நான் அன்று ஷிப்ட் முடிந்து வந்து விழுந்து தூங்கிவிட்டேன். கடைசிப் பயிற்சிக்கென்று வைத்திருந்த நாள் அது. சாயங்காலம் எழுந்து வெளியே வந்தால், லோரிக்குப் பக்கத்தில் என் சைக்கிள் நிற்கிறது. கைப்பிடியில் செவ்வந்தி மாலை. கம்பியெல்லாம் சந்தனப் பொட்டு. இரண்டு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். கடையில் இருந்தபோதுகூட அது அப்படி மின்னியதில்லை.

"யாரும்மா வச்சது?"

"உங்கப்பாதான். காலைல ரெண்டு மணி நேரம் தொடச்சாரு. தொடாத, நாளைக்குத்தான்" என்றாள் அம்மா.

இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, ஒரு சைக்கிளைப் பார்த்து அழப் போகிறேனே என்று கூச்சமாக இருந்தது. லோரிக்குப் பக்கத்தில் அவர் வேறு எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்திலும் தூக்கக் கலக்கத்திலும் நான் ரிம்மைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அப்பா லோரியால் பழத்தை நசுக்கினார். "நீயும் ஏத்து" என்றார். நானும் உருட்டி நசுக்கினேன். சைக்கிளை அவரே தூக்கிப் பலகைகளின் மேல் வைத்துக் கயிறு கட்டினார். கல்யாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் சாமான்களை இறக்கி அடுக்கினோம். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள, பின் சக்கரத்தில் எழுந்து ஒரு எம்பு எம்பினேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடியது. நான் முதுகு அடிபட விழுந்தேன். எழுந்து ரிம்மைத் தொட்டால் வழவழவென்று இருந்தது. தார் ஒரு துளி இல்லை. மண்ணெண்ணெயில் தேய்த்து எடுத்துவிட்டு, பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார் அப்பா. லோரியின் கதவுக்கும் பம்பருக்கும் அப்படித்தான் செய்வார். சைக்கிள் அழுக்காக மேடை ஏறக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

நண்பனும் ரிம்மைத் தொட்டு, கையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "அங்கிள்கிட்ட சொல்லிடு லா. நிகழ்ச்சிய நிப்பாட்டிடலாம்."

"சொல்லாத."

அப்பா சற்றுத் தள்ளி நின்று, நான் கயிற்றைச் சரியாக அவிழ்த்தேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? பக்கத்துக் கடையில் பாத்திரம் கழுவும் சோப்பு வாங்கித் தேய்த்தோம். தண்ணீர்க் கடையிலிருந்து சிராப் என்னும் சிவப்புச் சர்பத் பாகை வாங்கி ரிம்மில் ஊற்றினோம். சர்க்கரைப் பிசுக்கு கொஞ்சம் பிடிக்கும் என்று நண்பன் எங்கோ கேட்டிருந்தான். கொஞ்சம்தான் பிடித்தது. பல தடவை பிடிக்கும், ஒரு தடவை விட்டுவிடும். அந்த ஒரு தடவை எது என்று சொல்லாது.

சிங்க நடனம் முடிந்து எங்கள் முறை வந்தது. நண்பன் மைக்கில் மூன்று மொழியிலும் கலந்து கட்டிப் பேசினான். பலகை அடுக்கில் ஏறி இறங்கினேன். முதல் டிரம்மில் நின்றேன். இரண்டாவதில் சக்கரம் நழுவி, கால் ஊன்றி, டிரம் உருண்டு, நானும் உருண்டேன். ஜனங்கள் கைத்தட்டினார்கள். விழுவதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். காரின் கூரைக்கு மூன்று முறை முயன்று மூன்றாவதில் ஏறினேன். அதற்குள் கை விறைத்துவிட்டது. எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கடைசி ஐட்டத்தை விட்டுவிடு என்று நண்பனுக்குச் சைகை காட்டினேன். ஆனால் அவன் வாய் அதற்குள் மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டது. யாரும் வரவில்லை. நான் டிரம்மில் விழுந்ததைப் பார்த்தவர்கள் எப்படி வருவார்கள்? நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைச் சட்டை வந்தது.

அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதில் தலை வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, "வாடா" என்றார்.

ஒரு வருஷமாக நான் கேட்டது இதைத்தான். என்னை நம்பி அவர் படுத்திருக்கிறார். அவருடைய விலாவுக்குப் பக்கத்தில் சக்கரத்தைக் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக்கை இறுக்கினேன். மெதுவாக ஒரு எம்பு. சக்கரம் ஒரு விரல் அளவு அவர் பக்கம் நழுவியது.

நான் காலை ஊன்றினேன். இறங்கிவிட்டேன்.

"கால் புடிச்சுக்கிச்சு. முடியல" என்றேன். நண்பன் அதை மைக்கில் சொன்னான். யாரோ ஒருவன் ஊவென்று கத்தினான். கூட்டம் பரிசுக் குலுக்கல் பக்கம் நகர்ந்தது. அப்பா உடனே எழவில்லை. தலையைத் திருப்பி, முகத்துக்குப் பக்கத்திலிருந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் புழுதி.

திரும்பும் வழியில் டோல் சாவடி தாண்டியதும் அப்பா கேட்டார்.

"கால் எப்படி இருக்கு?"

"பரவால்லப்பா."

அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளிப் பிள்ளையைப் பெற்றதற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது மாதிரி நடித்தேன். அது பிறகு நிஜத் தூக்கமாகிவிட்டது.

அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. அதற்குள் இரண்டு பள்ளிக்கூட விழாக்களில் வித்தை காட்டியிருந்தோம். அப்பா எதற்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்த முறை அவருக்கு முன்னால் சைக்கிளை நானே துடைத்து வைத்துவிட வேண்டும் என்று, ஷிப்ட் முடிந்ததும் ஓடி வந்தேன். பிந்திவிட்டேன். சைக்கிள் லோரிக்குப் பக்கத்தில் மாலையோடு நின்றது. கம்பியெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு.

இரண்டு ரிம்மைச் சுற்றியும் பழைய பேப்பர் கட்டியிருந்தது. ஒவ்வொரு ஆரக் கம்பிக்கும் நடுவே துண்டு துண்டாக நுழைத்து, சுற்றி, நூல் போட்டு இறுக்கியிருந்தார். ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். தார் போட்டது போட்டபடி இருந்தது.

அப்பா லோரியின் முகப்பில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"லோரி பிரேக்குலயும் எண்ணெ படக் கூடாது. இருவத்தஞ்சு வருஷமா ஓட்டுறேன். அன்னைக்கு எனக்கு அது தோணாமப் போச்சு" என்றார்.

நான் பேப்பரைப் பழையபடி சுற்றி முடிச்சுப் போட்டேன்.