நாகப்பட்டினத்து நாலு மணி

சிங்கப்பூரில் வளர்ந்த எங்களுக்குப் புது வருஷத்துக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. ஜனவரியில் வெள்ளைக்காரர்களுக்குப் பிறக்கும். அன்றைக்குக் கடற்கரையில் படகுப் பந்தயம் வைப்பார்கள். ஊரே திரண்டு போய் வெயிலில் நிற்கும். அதன் பிறகு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துச் சீனர்களுக்குப் பிறக்கும். வெடிச் சத்தத்தில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் ஓடும். எதிர்க்கடை ராவுத்தருக்கு முகரம் மாதத்தில் பிறக்கும். அவருடைய வருஷம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். நான் சொல்லவந்த ஆண்டில் அது சீனர்களுடைய வருஷத்தோடு ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிட்டது. ஓடிப் பிடித்துவிட்டேன் பார் என்று சொல்லி அவர் எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். எங்களுடையது சித்திரையில், எல்லாருக்கும் கடைசியில் வரும்.

வருஷம் என்பது ஒன்றுதான், கப்பலைப் போல ஒவ்வொரு துறைமுகமாக நின்று வருகிறது, எங்கள் துறைக்கு வரத் தாமதமாகிறது என்று நான் நினைத்திருந்தேன். எட்டு வயதில் எனக்கு இருந்த உலக ஞானம் அவ்வளவுதான். அதில் ஒரு பகுதி சரிதான் என்று பிறகு தெரிந்தது.

மற்றவர்களுக்கு வருஷம் பிறந்த நாள் தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் நேரமும் தெரிய வேண்டும். என் பெரியப்பா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வெங்காயமும் மிளகாயும் வரவழைத்து விற்றுவந்தார். அதே கப்பலில் அவருக்குப் பஞ்சாங்கமும் வரும். சூரியன் உதித்து இத்தனை நாழிகைக்கு வருஷம் பிறக்கிறது என்று அதில் போட்டிருக்கும். ஒரு நாழிகை என்றால் இருபத்து நாலு நிமிஷம். பெரியப்பா சிங்கப்பூரில் சூரியன் உதிக்கும் ஆறு மணியிலிருந்து அதை எண்ணி, கடிகார மணிக்கு மாற்றிச் சொல்வார். சிங்கப்பூரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த ஆண்டு இருபத்தைந்து நாழிகை. சாயங்காலம் சரியாக நாலு மணி என்று வந்தது.

அந்த நாலு மணியை நினைத்துத்தான் வீடே கதிகலங்கிக் கிடந்தது. பெரியப்பாவின் மகனை நான் அண்ணன் என்பேன். அவருடைய மனைவி, என் அண்ணி, நிறைமாதம். பங்குனி பாதியிலேயே பிறந்துவிடும் என்று எதிர்பார்த்த பிள்ளை, மாதம் முடியும்வரை அசைந்து கொடுக்கவில்லை. சித்திரையில் பிறக்கும் தலைப்பிள்ளை தகப்பனுக்கு ஆகாது, தகப்பன் உயிருக்கே ஆபத்து என்பது எங்கள் வீட்டில் உறுதியான நம்பிக்கை. அப்படிப் பிறந்தால் தகப்பன் முகம் பார்க்குமுன்பே குழந்தையை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமம் ஒன்றில் மாடு வைத்திருந்த பிள்ளையில்லாத தம்பதியிடம் பெரியப்பா முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். அண்ணி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நம்பிக்கைக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் அவர்கள் வெளியே போகவே வேண்டாம், நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே சித்திரைப் பிறப்பன்று மூன்றேகால் மணிக்கு நான் பிறந்தேன். அந்த ஆண்டு இருபத்தொரு நாழிகைக்கு, அதாவது மணி இரண்டு இருபத்து நாலுக்கே வருஷம் பிறந்துவிட்டதாம். என்னைக் கொடுத்துவிடும்படி பெரியப்பா சொல்லியிருக்கிறார். என் அப்பா கேட்கவில்லை. பத்தாம் மாதம் அவர் இறந்துபோனார். அதன் பிறகு அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டிலேயே இருந்தோம்.

என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. சோறு, துணி, பள்ளிக்கூடம் எதிலும் குறை வைக்கவில்லை. அண்ணனோ பெரியப்பாவோ வெளியே புறப்படும்போது நான் எதிரே வரக்கூடாது, அவ்வளவுதான். அம்மாவும் வரக்கூடாது, அவள் கைம்பெண். காலையில் அவர்கள் புறப்படும் காலடிச் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். செருப்பை வெளியே விடுவதுபோல இதுவும் எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்கு விடியும்போதே அண்ணிக்கு வலி கண்டுவிட்டது. மலாய்க்கார மருத்துவச்சி வந்தாள். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டார்கள். கடை கீழே, வீடு மாடியில். பெரியப்பா கடையில் இருந்துகொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ அறைப் பக்கம் நான் போகக்கூடாது என்பதால் என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். கடிகாரம் அங்கேதான் மாட்டியிருந்தது. குழந்தை பிறந்ததும் மணி பார்த்துச் சொல்லும் வேலை இப்படி என் தலையில் விழுந்தது. ஆகாதவள் என்று ஒதுக்கி உட்காரவைத்த இடத்திலேயே அந்த வீட்டின் தலைவிதியைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பும் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

என்னை ஒதுக்காதவள் அண்ணி ஒருத்திதான். வலி லேசாக இருந்த நேரத்தில் அறை வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப பொறந்தாலும் நாலுக்கு முந்தின்னு சொல்லிடு கண்ணு. உன்னைக் கும்பிடுறேன்.”

சரி என்று தலையாட்டினேன். மனதாரத்தான் ஆட்டினேன்.

நாலு மணி அடித்தது. கீழே பெரியப்பா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். மாங்காய்ப் பச்சடியை ஒரு வாய் போட்டுக்கொண்டார். அறைக்குள்ளிருந்து குழந்தைச் சத்தம் வரவில்லை, அண்ணியின் சத்தம்தான் வந்தது. நான் கண்கொத்திப் பாம்பாகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தபின் குழந்தை அழுதது. முடிந்தது என்று மருத்துவச்சி மலாயில் சொன்னாள். மணி என்ன என்று பெரியப்பா கீழேயிருந்து கேட்டார்.

“நாலு நாற்பது” என்றேன்.

கொடுத்த வாக்கு மறந்துபோகவில்லை. ஆனால் கடிகாரம் பார்ப்பதில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் முதல். கண்ணெதிரே கடிகாரம் ஒன்று சொல்லும்போது அதை மறுத்து வேறொன்று சொல்லலாம் என்பது அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை ஆண் என்று மருத்துவச்சி சொன்னாள். யாரும் சந்தோஷப்படவில்லை. அண்ணி அழுத அழுகை வலிக்காக அழுததைவிட அதிகமாக இருந்தது. பெரியப்பா மேலே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொழுது சாயுமுன் ரிக்ஷா கொண்டுவரும்படி கடையாளிடம் சொல்லியனுப்பினார். கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்லமாட்டேன். கடையாள் போன பிறகும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

ஐந்து மணிக்குமேல் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தந்தி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். வருஷப் பிறப்புக்கு அல்வாப் பொட்டலத்தோடு வந்தவர், வீடு இழவு வீடுபோல இருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்தார். பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் சொன்னார்.

“இந்த நாலு மணி நாகப்பட்டினத்துக்கு, பெரியத்தான். நமக்கில்ல. அங்க இப்ப மூணரைதான் ஆவுது. வருஷம் இன்னும் பொறக்கல.”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. சூரியன் ஒன்றுதானே என்றார். ஒன்றுதான், அதனால்தான் நம்மிடம் முதலில் வந்துவிட்டு அங்கே போகிறது என்றார் மாமா. நமக்கு விடிந்து ஒரு மணி முப்பத்தாறு நிமிஷம் ஆன பிறகுதான் நாகப்பட்டினத்தில் விடிகிறது. பஞ்சாங்கம் அந்த ஊர் உதயத்துக்குப் போட்டது. அதை நம் உதயத்திலிருந்து எண்ணினால் வராத வருஷத்துக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டியதுதான் என்றார். பெரியப்பா இதற்கெல்லாம் பிடி கொடுக்கவில்லை. ஆபீஸ் பேச்செல்லாம் குடும்பத்துக்கு ஒத்துவராது என்றார்.

அப்போது மாமா ஒரு கடிதத்தை ஞாபகப்படுத்தினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்துக் கூட்டாளி பெரியப்பாவுக்கு எழுதியது. நீங்கள் காலை பத்து மணிக்குக் கொடுத்ததாகப் போட்டிருக்கும் தந்தி எனக்கு இங்கே ஒன்பது மணிக்கே கிடைத்தது, கொடுக்காத தந்தி எப்படி வரும், அங்கே யாரோ உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அதை வைத்துக்கொண்டு பெரியப்பா மாமாவையும் தந்தி ஆபீசையும் ஒரு மாதம் வசைபாடியிருக்கிறார். அங்கே மணி நமக்குப் பின்தங்கி ஓடுகிறது என்று மாமா அப்போது சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை.

பெரியப்பா தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தார். நின்றபடியே இரண்டு தரம் படித்தார். விரல்விட்டு எண்ணினார். மாமா சொன்ன கணக்கு ஐந்து முப்பத்தாறு. அவருடைய விரல் கணக்கும் அங்கேதான் வந்து நின்றது. அப்போது மணி ஐந்தரைகூட ஆகவில்லை. பிள்ளை பிறந்து முக்கால் மணி நேரம் ஆகிறது, வருஷம் இன்னும் பிறக்கவில்லை. படிக்கட்டுக்குப் போய், ரிக்ஷாவைத் திருப்பி அனுப்பு என்று கீழே குரல் கொடுத்தார்.

பிறகு வீட்டுக்கே உயிர் வந்தது. அண்ணனைத் தேடி ஆள் ஓடியது. பங்குனிப் பிள்ளை, பங்குனிப் பிள்ளை என்று பெரியப்பா எல்லாரிடமும் சொன்னார். எதிர்க்கடை ராவுத்தரையும் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணி உள்ளேயிருந்து என்னைத்தான் முதலில் கேட்டாளாம். எல்லாரும் கடிகாரத்தின் முன்னால் கூடி நின்றோம். ஐந்து முப்பத்தாறுக்கு மறுபடியும் கற்பூரம் ஏற்றி, மறுபடியும் பச்சடி பரிமாறினார்கள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் இரண்டு முறை பிறந்தது. பச்சடி இரண்டு முறை கிடைத்ததில் எனக்குப் பரம திருப்தி.

நல்ல காரியம் நடக்கும் கூடத்துக்கு அம்மா வருவதில்லை. அன்றைக்கு அடுக்களை வாசல்படிவரை வந்தாள். கையில் கரண்டி இருந்தது. மாமாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“எட்டு வருஷத்துக்கு முந்தியும் நாகப்பட்டினம் அதே எடத்துலதானே தம்பி இருந்துச்சு?”

நான் சிரித்துவிட்டேன். ஊர் எங்கேயாவது நகருமா? பள்ளிக்கூடத்துக்குப் போகாதவள் கேட்கும் கேள்வி என்று நினைத்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“ஆமாக்கா. அங்கதான் இருந்துச்சு.”

பெரியப்பா கடிதத்தை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அது வேறு கணக்கு என்று மட்டும் சொன்னார். அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். வருஷங்களுக்கு இப்படிப் பல கணக்குகள் உண்டு போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் பிறந்த ஆண்டின் இரண்டு இருபத்து நாலோடு அந்த ஒரு மணி முப்பத்தாறு நிமிஷத்தைக் கூட்டிப் பார்க்க எனக்கு அப்போதே தெரியும். பத்தொன்பதாவது வயதில், என் கல்யாணத்துக்காக ஜாதகத்தை எடுத்தபோதுதான் கூட்டிப் பார்த்தேன். மணி நாலு. மூன்றேகாலுக்குப் பிறந்த நானும் பங்குனிப் பிள்ளைதான். என் அப்பா சரக்கு இறக்கப் போன தொங்கான் படகு கவிழ்ந்து இறந்தார் என்பதையும், அன்றைக்குப் போக வேண்டியவர் பெரியப்பா, தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று தம்பியை அனுப்பினார் என்பதையும் மாமா அப்போதுதான் சொன்னார். பெரியப்பா அன்றைக்குத் தகரப் பெட்டியை ஏன் மூடினார் என்பது எனக்குப் புரிந்தது. நான் இல்லையென்றால் பழி போய்ச் சேர வேறு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பேரனுக்காக அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்ட கணக்கை எனக்காக அவர் கடைசிவரை போட்டுப் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. பாவமாகவும் இருக்கிறது.

எட்டு வயதில், அந்த வருஷப் பிறப்புக்கு மறுநாள் காலை, பிள்ளை பிறந்த சந்தோஷத்தோடு அண்ணன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே புறப்பட்டார். உள்ளறையில் அவருடைய காலடிச் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே நான் எழுந்து அடுக்களைக்கு ஓடினேன். அம்மா ஏற்கெனவே கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். ஆனால் என்னை உள்ளே விடவில்லை. கதவை உள்பக்கமிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

“நீ உள்ள வராத. கூடத்துலயே நில்லு” என்றாள்.

அண்ணன் கூடத்துக்கு வந்தவர் என்னைக் கண்டு நின்றார். திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா குடையை விரித்து, அதன் கம்பியைச் சரி பார்க்கத் தொடங்கினார். அண்ணன் வேட்டி நுனியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு என் எதிரே, என்னைத் தாண்டி, படியிறங்கிப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின நாள் அவள் கேட்டதற்குச் சிரித்தேனே, அதற்குத்தான் அம்மா என்னை வெளியே நிறுத்தித் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். கதவில் வாயை வைத்து, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா குனிவது கேட்டது.

“நீ ஒண்ணுமே செய்யல” என்றாள்.

சிரித்ததை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.