நெவில் வைக்காத மூன்று பொட்டு

நெவில் ஹால்டேன் ஒரு ஜீப்புக்குக் குழாய்க் கூண்டு கட்டி முடித்தால் கடைசியில் மூன்று பொட்டு வைப்பான். ஓட்டுபவன் பக்கத்துத் தூணின் அடியில், வெல்டிங் கம்பியால், மிளகு அளவில் மூன்று. கார்பென்டாரியா வளைகுடாப் பக்கம் காட்டுக்காளை பிடிக்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பொட்டோடுதான் ஓடின. கூரையையும் கதவையும் அறுத்தெறிந்த பழைய ஜீப்பில் காளையைத் துரத்தி, வண்டியாலேயே முட்டிச் சாய்த்து, குதித்து இறங்கி அதன் காலைக் கட்டுகிற பிழைப்பு அது. வண்டி குட்டிக்கரணம் போடாத வருஷமே கிடையாது. போட்டால், உள்ளே இருப்பவன் தலைக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழாய்க் கூண்டு ஒன்றுதான்.

நெவிலுக்கு அதைத் தவிர வேறு பெருமை கிடையாது. பந்தயம் கட்டமாட்டான், யாரோடும் ஒட்டமாட்டான். மனைவி ஜாய்லீன் அவனை விட்டுக் கெய்ன்ஸ் நகரத்துக்குப் போய் எட்டு வருஷமாகிறது. போகும்போது, "உங்கிட்டருந்து ஒரு வார்த்தை புடுங்கறதுக்குள்ள எனக்கு வயசாயிருச்சு" என்றாள்.

மே மாதம், மழை ஓய்ந்து சாலை காய்ந்ததும், பெரிய மாட்டுப் பண்ணையின் மேலாளர் பெட்ரி பட்டறைக்கு வந்தான்.

"தொழுவம் கட்டுனதுல மிஞ்சுன ஸ்கொயர் பைப் மலையாட்டம் கெடக்கு. புது ஜீப்புக்கு அதுலயே கூண்டு போட்டுருய்யா."

"அது ஆகாது. ரவுண்டு பைப்தான். எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் ஒரே மாதிரி தாங்கும். மூலையில வெட்டி ஒட்ட வேணாம், வளைச்சே கொண்டு போயிரலாம். ஸ்கொயர்ல மூலைக்கு மூலை ஒட்டு. குறுக்க ஒரு அடி வாங்குச்சுன்னா ஒட்டுக்குப் பக்கத்துலயே மடங்கிரும்."

"ரவுண்டு எப்ப வரும்?"

"மவுன்ட் ஐசாலருந்து வரணும். மூணு வாரம்."

"எனக்குத் திங்கக்கிழம வண்டி வேணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. பண்ணையிலயே ஒருத்தன் ஒட்டிக் குடுப்பான். அப்புறம் இரும்புக் கேட்டு, தண்ணித்தொட்டி, டிரெய்லர் வேல எல்லாம் அவங்கிட்டயே போயிரும், பாத்துக்க."

நெவிலின் பிழைப்பில் பாதி அந்தப் பண்ணை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சதுரக் குழாயில் கட்டினான், ஒட்டுகளை அவ்வளவு சுத்தமாகப் போட்டான். கடைசியில் பொட்டு மட்டும் வைக்காமல் விட்டான். இது என் கூண்டு இல்லை என்று இரும்பிலேயே எழுதிவைத்துவிட்ட நிம்மதி அவனுக்கு. யாருக்காக எழுதினான், அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று அந்த மடையன் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க வந்தவன், பண்ணைக்குக் காளை பிடிக்கிற டார்சி மல்டூன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. நெவிலை வம்புக்கிழுத்துப் பேசவைக்கக் கூடியவன் ஊரில் அவன் ஒருத்தன்தான். ஒரு பெட்டி பீரை மேசையில் வைத்துவிட்டுக் கூண்டைக் காலால் உதைத்துப் பார்த்தான்.

"என்னடா இது, கோழிக்கூண்டு மாதிரி மூல மூலையா?"

"பெட்ரி குடுத்த பைப்பு."

"ஒட்டுனது நீதான?"

"நான்தான்."

"அப்ப சரி. இனி காளைதான் பயப்படணும்."

அந்த நேரம், இது தாங்காது என்று ஒரு வாக்கியம் போதும். நெவில் வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல் நின்றான். கடைசியில், "ரொம்ப வேகமாப் போவாத" என்றான்.

"அதச் சொல்ல நீ என்ன எம் பொண்டாட்டியா?" டார்சி சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனான்.

ஜூலையில் அந்த ஜீப் ஒரு கறையான் புற்றில் ஏறி இரண்டு சுற்று உருண்டது. முன்தூண் மேல்மூலையில் மடங்கி உள்ளே வந்துவிட்டது. டார்சி பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று.

நெவில் போய் வண்டியைப் பார்த்தான். மூலை ஒட்டின் மேல் விரலை ஓட்டினான். ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில்தான், அவன் சொன்ன அதே இடத்தில், குழாய் மடங்கியிருந்தது. என் ஒட்டு விடவில்லை என்று ஒரு நொடி அவன் மனம் துள்ளியது. சீச்சீ என்று அவனுக்கே ஆகிவிட்டது.

மதுக்கடையில் எல்லோரும் 'நெவில் கூண்டு மடங்கிருச்சு' என்றே பேசினார்கள். குழாய் யாருடையது என்று பெட்ரி வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த நெவில் ஒரு சாயங்காலம் கத்தியேவிட்டான்.

"போய்ப் பாருங்கடா! அதுல எம் பொட்டு இருக்கா? நான் பொட்டே வெக்கல!"

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான்.

நவம்பரில் டார்சி ஊருக்குத் திரும்பினான். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். முகம் பாதியாக வற்றியிருந்தது.

"வாசல்ல சாய்தளம் போட்டாச்சு. ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். ஊருல வெல்டிங்குக்கு நீதான இருக்க. ரவுண்டு பைப்லயே போடு."

நெவில் தலையாட்டினான். குழாய் வரவழைத்து, மூலையே இல்லாமல் வளைத்து, டார்சியின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். முடிந்ததும் குனிந்து அடியில் மூன்று பொட்டு வைத்தான். கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"அத ராவி எடுத்துரு" என்றான் டார்சி.

"டார்சி..."

"எடுடா. கடையில கத்துனியாமே, பொட்டு வெக்கலன்னு. அப்ப அது தாங்காதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் என்னைக்குடா பொட்டப் பாத்தேன்? உம் மூஞ்சியப் பாத்துத்தான் ஏறி உக்காந்தேன்."

நெவில் இயந்திரத்தை எடுத்து மூன்றையும் ராவினான். பொறி பறந்து கையில் விழுந்தது, அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப வாயத் தொறந்து சொல்லு. இது தாங்குமா?"

"தாங்கும் டார்சி. நல்லாத் தாங்கும்."

டார்சி நாற்காலியை நகர்த்தி வந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, தன் பலம் அத்தனையும் போட்டு நாலு தடவை உலுக்கிப் பார்த்தான்.